நான் கோபப்படுவேன் என்று முன்பே சொல்லி வைத்திருந்தேன்

குரோம்பேட்டையில் ஒரு கார் பட்டறை. விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, சேதத்தை மதிப்பிட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அறிக்கை கொடுப்பது என் வேலை. அன்று ஒரு வெள்ளைக் காரின் இடப்பக்கக் கதவு நசுங்கி உள்ளே போயிருந்தது. மெக்கானிக் கேட்டார்: "சார், டோரு மாத்தணுமா, தட்டி எடுத்துரலாமா?"

பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடக்கூடிய விஷயம். எனக்குப் பதில் வரவில்லை. கதவைத் தொட்டுப் பார்த்தேன். தள்ளி நின்று பார்த்தேன். அவர் மறுபடியும் கேட்டார். "நாளைக்கு வந்து சொல்றேன்" என்று கிளம்பிவிட்டேன். மறுநாள் போகவில்லை.

மனச்சோர்வு என்றால் அழுகை என்று நினைத்திருந்தேன். எனக்கு அழுகையே வரவில்லை. முடிவெடுப்பதுதான் நின்றுபோனது. எந்தச் சட்டையைப் போடுவது, பால் வாங்குவதா வேண்டாமா, எல்லாமே மலையாகத் தெரிந்தது. பொழிச்சலூரில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருக்கிறேன். மனைவி இறந்து சில வருடங்கள் ஆகின்றன. மகள் யாழினி கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு "சாப்பிட்டீங்களாப்பா?" என்பாள். "சாப்பிட்டேம்மா" என்பேன். அந்தப் பொய்யைச் சொல்ல மட்டும் எனக்குத் தெம்பு இருந்தது.

உடம்பில்தான் கோளாறு என்று ரத்தம் கொடுத்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அந்த மருத்துவரே கிழக்குத் தாம்பரத்தில் இருந்த ஒரு மனநல மருத்துவரிடம் அனுப்பினார். அவர் நிறைய நேரம் கேட்டுவிட்டுக் கடைசியில், "வாழ வேண்டாம்னு தோணுதா?" என்று நேராகக் கேட்டார். அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. "சில நாள் தோணுது" என்றேன். சொன்னதும் அறையில் எதுவும் இடிந்து விழவில்லை. அவர் தலையசைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். எனக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது.

மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் பிடித்தன. கூடவே அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (எண்ணம், உணர்வு, செயல் மூன்றும் ஒன்றையொன்று இழுக்கும் விதத்தைக் கண்டுகொண்டு, அதை மாற்றப் பழகும் பேச்சுச் சிகிச்சை) தொடங்கியது. அதைச் செய்தவர் ஓர் உளவியலாளர். என்னைவிட வயதில் இளையவர். ஆரம்பத்தில் அவர்மேல் எனக்கு எரிச்சல்தான்.

"மேடம், நான் யாருக்கும் வேண்டாதவன். இதுல மாத்தி யோசிக்க என்ன இருக்கு?"

"மாத்தி யோசிக்கச் சொல்லல சார். அது உண்மையான்னு பாக்கலாம். ஒரு காரைப் பாக்காமலே ரிப்போர்ட் எழுதுவீங்களா?"

மாட்டேன். ஆனால் என் விஷயத்தில் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். அவர் கொடுத்த முதல் வேலை, தினமும் சாயங்காலம் அனகாபுத்தூர்ப் பக்கம் ஆற்றுப் பாலம் வரை நடந்துவிட்டு வருவது. "பிடிச்சா போங்க" என்று சொல்லவில்லை, பிடிக்காமலே போங்க என்றார். செயல் முதலில், விருப்பம் பிறகு. பாலத்தில் நின்று கறுத்த தண்ணீரைப் பார்ப்பேன். ஒன்றும் தோன்றாது. திரும்பி வருவேன். பல நாள் கழித்து ஒரு சாயங்காலம், மழை வரும்போல இருக்கிறதே, சீக்கிரம் கிளம்பிவிடலாம் என்று நானாக நினைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது உறைத்தது. ஒரு முடிவு எடுத்திருக்கிறேன்.

கொஞ்சம் கொஞ்சமாக வேலைக்குத் திரும்பினேன். சிகிச்சை முடியும் தறுவாயில், நோய் திரும்பாமல் காப்பது பற்றி உளவியலாளர் பேசினார். "திரும்பி வரலாம். வந்தா முதல்ல உங்களுக்குத் தெரியாது. அது உங்க குரல்லயே பேசும். வெளியிலேருந்து பாக்கறவங்களுக்குத்தான் முதல்ல தெரியும். உங்களைத் தினம் பாக்கறது யாரு?"

"என் பொண்ணு."

"அவங்க கோயம்புத்தூர்ல இருக்காங்க சார்."

நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். வெளியே ரயில் போகும் சத்தம் கேட்டது. நாற்பத்தெட்டு வயதில், என்னைத் தினமும் பார்த்துக் கவனிக்கக்கூடியவர் என்று சொல்ல ஒரு பெயர் என்னிடம் இல்லை. நோயில் இருந்த எந்த நாளிலும் அவ்வளவு தனியாக நான் உணர்ந்ததில்லை.

கீழ் வீட்டில் டேனியல் இருந்தார். ரயில்வேயில் வேலை. காலையில் வண்டி எடுக்கும்போது ஒருவருக்கொருவர் தலையசைப்போம், தண்ணீர் மோட்டார் பற்றிப் பேசுவோம், அவ்வளவுதான். ஊர் முழுக்கச் சொல்லிவிடுவார் என்ற பயம் இருந்தது. ஒரு ஞாயிறு அவர் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது இறங்கிப் போய்ச் சொல்லிவிட்டேன். எனக்கு மனச்சோர்வு வந்து சிகிச்சை எடுத்தேன், மறுபடி வரலாம் என்றேன்.

அவர் குழாயை மூடினார். "நம்பவே முடியல சார். நல்லாத்தானே கீறீங்க?"

"இப்ப நல்லா இருக்கேன். ஆனா வேலைக்குப் போகாம, ஷேவ் பண்ணாம இருந்தா, பேச்சுக் கொடுத்தா ஒத்த வார்த்தையில பதில் சொன்னா, என்னன்னு கேளுங்க. ஒண்ணுமில்லன்னு சொல்லுவேன். கோபப்படுவேன். விட்டுடாதீங்க."

அவர் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "சரி சார்" என்றார். மேலே வந்து கதவைச் சாத்திய பிறகு வெட்கத்தில் என் காது சுட்டது.

ஒரு வருடத்துக்குமேல் நன்றாக ஓடியது. மருத்துவரே மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். நடையை நான் விடவில்லை. சொன்னதையெல்லாம் செய்தேன். அப்படியும் வந்தது. இதைப் படிப்பவர்களில் யாருக்காவது மறுபடி வந்திருந்தால், எங்கே தப்புச் செய்தோம் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். சில சமயம் தப்பு எதுவும் இருக்காது.

உளவியலாளர் சொன்னதுபோலவே அது என் குரலில்தான் பேசியது. வேலை அதிகம், களைப்பு, வெயில், இன்றைக்கு நடக்கப் போக வேண்டாம். எல்லாம் நியாயமாகவே பட்டது. வேலைக்கும் போகாமல் இருந்த மூன்றாவது நாளோ நான்காவது நாளோ டேனியல் மேலே வந்து கதவைத் தட்டினார்.

"இன்னா சார், வண்டி எடுக்கவே இல்ல?"

"லீவு."

"ஒடம்பு சரியில்லையா?"

"ஒண்ணுமில்ல டேனியல். என்னைக் கொஞ்சம் நிம்மதியா விடுறீங்களா?"

கதவை அறைந்து சாத்தினேன். அவர் இறங்கிப் போகும் சத்தம் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. கூச்சப்பட்டுக்கொண்டே பேசினார்.

"சார், கோபப்படுவேன்னு நீங்கதானே சொன்னீங்க. படுங்க. நான் இங்கயேதான் குந்தினு இருப்பேன்."

உள்ளே நின்று அவரை வெறுத்தேன். அவ்வளவு வெறுப்பு யார்மேலும் எனக்கு வந்ததில்லை. பிறகு கதவைத் திறந்தேன். படியில் உட்கார்ந்திருந்தார். மறுபடி மருத்துவரிடம் என்னை அழைத்துப் போனது அவர்தான். வழியில் எதுவும் கேட்கவில்லை. காத்திருந்தபோது மட்டும், "நான் கூட வந்தது சரிதானே சார்?" என்றார். அவருக்கும் பயமாக இருந்திருக்கிறது.

சீக்கிரம் போய்விட்டதால் இந்த முறை அவ்வளவு ஆழத்துக்கு இறங்கவில்லை. மாத்திரை மறுபடி தொடங்கியது. உளவியலாளரிடமும் சில வாரம் போனேன். பிறகு யாழினியைப் போனில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"கீழ் வீட்டு அங்கிளுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. அப்படித்தானேப்பா?"

"நீ பயப்படுவேன்னுதான்..."

"இப்ப மட்டும் பயமா இல்லையா?" போனை வைத்துவிட்டாள். மறுநாள் காலையில் கூப்பிட்டாள், ஞாயிற்றுக்கிழமை இல்லாத ஒரு நாளில். அந்தக் காயம் ஆறிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

குணமாகிவிட்டதா என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரியவில்லை. மற்றவர்கள் களைப்பாக இருந்தால் படுத்துத் தூங்குகிறார்கள். நான் களைத்தால், இது எந்தக் களைப்பு என்று கேட்டுவிட்டுத்தான் படுக்க வேண்டியிருக்கிறது. முன்பெல்லாம் அடுத்த வருடத்தைப் பற்றித் திட்டம் போடுவேன். இப்போது காலம் என்பது எனக்கு இந்த வாரம்தான். அது கொஞ்சம் சின்னதுதான், ஆனால் அதற்குள் இடம் இருக்கிறது.

போன வாரம் கோவளத்துக்குப் பேருந்து ஏறிப் போனேன். காரணம் ஒன்றும் இல்லை. படகுகள் வந்த நேரம். கூட்டத்தில் நின்று சங்கரா மீன் வாங்கி வந்து, கழுவி, குழம்பு வைத்து, தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன். நோயில் இருந்தபோது நாக்கு எனக்கு எதையுமே சொன்னதில்லை. அன்று முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது, உப்பு கூடிப்போயிருந்தது. சோற்றை இன்னும் கொஞ்சம் போட்டுப் பிசைந்துகொண்டேன்.