போடாத பவுடருக்கு விழுந்த டிக்

ஆபரேஷன் தியேட்டரில் இருபத்திரண்டு வருடம் நின்ற அந்த நர்சுக்குச் சக ஊழியர்கள் வைத்த பெயர் கடிகாரம். டாக்டர் வாய் திறக்குமுன் கத்தரி அவர் கைக்குப் போய்விடும். படிவத்திலும் அதே வேகம். கையுறை மாட்டிய பிறகு பேனாவைத் தொட முடியாதல்லவா? அதனால் முன்கூட்டியே எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டுவிடுவார். முதுகெலும்பு ஆபரேஷனில் சீழ் பிடிக்காமலிருக்க, தைத்து மூடுமுன் காயத்துக்குள் தூவும் ஆன்டிபயாட்டிக் பவுடருக்கும் அப்படித்தான்.

ஒருநாள் முதுகெலும்பு ஆபரேஷனுக்கு வந்த ஒரு கொத்தனாருக்கு அதைத் தூவவில்லை. ரத்தம் நிற்காத பதற்றத்தில் டாக்டரும் கேட்கவில்லை, இவரும் நினைவூட்டவில்லை. தட்டைக் கழுவும்போது திறக்காத புட்டி கிடந்தது. 'ஊசியில்தான் மருந்து போயிருக்கிறதே' என்று மனதைத் தேற்றிக்கொண்டு அதை அலமாரியில் வைத்தார். முன்பே போட்டிருந்த டிக்கை மட்டும் அழிக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் கொத்தனார் சீழோடு திரும்பி வந்தார். டாக்டர் படிவத்தைப் புரட்டினார்.

"எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு. வீட்டுல என்னம்மா பண்ணீங்க?"

"உடம்பு துடைச்சு விடறப்ப கட்டுல கொஞ்சம் தண்ணி பட்டுடுச்சுங்க" என்றாள் மனைவி.

"அப்புறமென்ன."

விசாரணை முடிந்தது. படித்த கை எழுதிய பொய் ஆதாரமானது. படிக்காதவள் சொன்ன உண்மை குற்றமானது. கூட வந்திருந்த அவள் மாமியார் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "கட்டு நனையக் கூடாதுன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். மகாராணி காதுல ஏறுனாத்தானே?"

நர்ஸ் அங்கேயேதான் நின்றார், வாயில் கொழுக்கட்டை வைத்தவர்போல.

மறுபடி கிழித்தார்கள், கழுவினார்கள். மூன்றாவது வாரமும் கொத்தனார் ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் கிடந்தார். ஒருநாள் அவர் தண்ணீர் கேட்க, மனைவி தம்ளரை வார்டுக்கு வந்திருந்த நர்சிடம் நீட்டினாள்.

"நீங்களே குடுங்க சிஸ்டர். என் கை பட்டாலே ஏதாவது ஆயிடுது."

அதற்குமேல் நர்சால் தாங்க முடியவில்லை. "உன் கையால இல்லம்மா. உள்ள போட வேண்டிய மருந்தை நாங்க போடல. போட்டதா நான் எழுதிட்டேன்."

"போட்டிருந்தா சீழ் வந்திருக்காதா?"

"வந்தாலும் வந்திருக்கலாம். ஆனா வராம இருக்க ஒரு வழி இருந்துச்சு. அதை நாங்க விட்டுட்டோம்."

அவள் தம்ளரை ஸ்டூலில் வைத்தாள். பிறகு, "இதை அன்னைக்கே எங்க அத்தை முன்னாடி சொல்லியிருக்கலாமே சிஸ்டர்" என்றாள்.

நர்ஸ் டாக்டரிடம் போய்ப் படிவத்தைத் திருத்திக் கையெழுத்திட்டார். மாலையில் மாமியாரை உட்கார வைத்து, ஒன்று விடாமல் சொன்னார். மாமியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இவளைக் காப்பாத்த உங்க மேல பழியைப் போட்டுக்கிறீங்களே தாயி. தங்கமான மனசு உங்களுக்கு."