நடுவில் நிற்கிறவன்

அண்ணாவின் முழங்கால் இந்தக் குளிர்காலத்தோடு முடிந்துபோனது. இரண்டாம் பிரிவுக் கால்பந்துக் கழகம் ஒன்றுக்காக இத்தனை வருடம் நடுக்களத்தில் ஓடியவன் இனி ஓடமாட்டான். அவனுக்கும் சேர்த்து நான்தான் நித்திரை இல்லாமல் கவலைப்படுகிறேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட எனக்கு அது ஒன்றுதான் ஒழுங்காக வரும்.

நினைவு திரும்பத் திரும்ப ஜெர்மனியின் ஹனோவரில் நடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்திலேயே போய் நிற்கிறது. அண்ணாவுக்குப் பதின்மூன்று வயதிருக்கும், நான் சின்னப்பிள்ளை. பெரிய கழகத்திலிருந்து ஒருவர் அவனைப் பார்க்க வருவதாகப் பயிற்சியாளர் சொல்லியிருந்தார். பிடித்துப்போனால் அவர்களுடைய பயிற்சிப் பள்ளியில் இடம்.

எங்கள் வீட்டில் அண்ணாவைத் தவிர ஒருவருக்கும் கால்பந்து தெரியாது. கருத்துக்கு மட்டும் குறைவில்லை. ஆட்டத்துக்கு முதல்நாள் தேத்தண்ணி குடிக்க வந்த சித்தப்பாதான் தொடங்கினார்.

“அண்ணை, உங்கட மகன் கோயில்ல அன்னதானம் குடுக்கிறமாதிரியெல்லே பந்தைக் குடுக்கிறான். வாறவன் போறவனுக்கெல்லாம்!”

அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. அண்ணாவிடம் திரும்பினார். “நாளைக்கு ஆள் உன்னைத்தான் பாக்க வருது. ஒருத்தருக்கும் குடாதை. நீயே அடி.”

“அப்பா, நான் நடுவில நிக்கிறவன். குடுக்கிறதுதான் என்ர வேலை.”

“இந்த நாட்டில எனக்கு ஆர் என்ன தூக்கித் தந்தது? சொல்லுறதைச் செய்.”

“ஓம் அப்பா.”

எங்கள் வீட்டில் அதற்குமேல் பேச்சில்லை.

மறுநாள் எனக்குக் காலையிலிருந்தே பயம். அண்ணா விழுந்துவிடுவானோ, அப்பா எல்லாருக்கும் முன்னால் ஏசுவாரோ என்று. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. பந்து காலுக்கு வந்தபோதெல்லாம் அண்ணா கோலை நோக்கி அடித்தான். தூரத்திலிருந்தும் அடித்தான், மூன்று பேர் மறித்து நிற்கும்போதும் அடித்தான். பந்து வேலிக்கு வெளியே போனது. கூட விளையாடிய பிள்ளைகள் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். “குடு, குடு” என்று பயிற்சியாளர் ஜெர்மனில் கத்திக் கத்தி அவருக்குத் தொண்டை கட்டிப்போனது. அப்பா மட்டும் கைதட்டினார்.

பெரிய கழகத்திலிருந்து வந்திருந்த, சாம்பல் நிறச் சட்டை போட்ட மனிதர் இடைவேளைக்கு முன்பே காரை எடுத்துக்கொண்டு போனார்.

“பாத்தது காணும், போதும் எண்டு போறார்,” என்றார் அப்பா, சந்தோசமாக.

அழைப்பு வரவில்லை. வேறொரு சின்னக் கழகம் வழியாக, பல வருடம் பிந்தித்தான் அண்ணா மேலே வந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி வீட்டில் அவன் ஒருநாளும் வாய் திறக்கவில்லை.

அன்று ஒவ்வொரு முறை அடித்த பிறகும் அவன் திரும்பி எங்கள் பக்கம் பார்த்தான். நாங்கள் நிற்கிறோமா என்று பார்க்கிறான் என நினைத்தேன். போதுமா அப்பா, இனிக் கொடுக்கட்டுமா என்று கேட்கிறான் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை. அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று நானும் பலமாகக் கைதட்டினேன்.