என் நாத்தனார் மாட்டிய மட்கார்டு

நாத்தனாரைப் புகழ்ந்து ஒருத்தி எழுத உட்கார்ந்தால், பின்னால் ஏதோ சொத்து விஷயம் இருக்கிறது என்றுதான் படிக்கிறவர்கள் நினைப்பார்கள். நினைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குள் பிரித்துக்கொள்ள ஒரு சைக்கிள் கடையைத் தவிர எதுவும் கிடையாது. அதையும் எப்போதோ பிரித்துக்கொண்டுவிட்டோம். முன்பக்கக் கவுன்டர் எனக்கு, பின்பக்கப் பட்டறை அவளுக்கு. நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு. அது சாத்தியிருக்கும்போது எங்கள் ஒற்றுமைக்கு ஒரு குறையும் வந்ததில்லை.

அவள் என் வீட்டுக்காரரின் தங்கை. வயது நாற்பத்தொன்று. கடைக்கு மேலே உள்ள வீட்டில் எங்களோடுதான் இருக்கிறாள். கல்யாணம் வேண்டாம் என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். சொன்ன விதத்தில், இரண்டாம் தடவை கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை. வேலையிலும் அப்படித்தான். ரேஸ் சைக்கிளுக்கு மட்கார்டு மாட்டுவதில் இந்த ஊரில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. இதை நானாகச் சொல்லவில்லை. மற்ற கடைக்காரர்களே தங்களால் ஆகாததை எங்களிடம் தள்ளிவிடுகிறார்கள். அவளுக்கு 'மில்லிமீட்டர்' என்று பேர் வைத்தவள் நான். எரிச்சலில் வைத்தது. வருகிறவர்கள் அதைப் பட்டம் என்று நினைத்துக்கொண்டு, "மில்லிமீட்டர் அக்கா இருக்காங்களா?" என்று என்னிடமே வந்து கேட்கிறார்கள். தலையெழுத்து.

சாதாரண சைக்கிளுக்கு மட்கார்டு மாட்ட அரை மணி நேரம் போதும். அதற்கென்றே துளைகள் இருக்கும், டயருக்கு மேலே விரல் நுழைய இடம் இருக்கும். ரேஸ் சைக்கிளைச் செய்த மகராசன் மழை என்ற ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை போலிருக்கிறது. துளையும் கிடையாது, இடமும் கிடையாது. எப்படியாவது இழுத்து வைத்துக் கட்டினால் நிற்கும்தான். ஆனால் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே நாலு மில்லி இருந்தால் ஈரச் சருகு உள்ளே போய் வெளியே வந்துவிடும். இரண்டு இருந்தால் போகும், வராது. சிக்கிக்கொண்டால் முன்சக்கரம் நின்றுவிடும். ஓட்டுகிறவர் நிற்க மாட்டார். ஹேண்டிலைத் தாண்டிப் போய்த்தான் விழுவார்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு வியாழக்கிழமை மதியம், ஒரு நர்ஸ் அப்படி ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வெளிநாட்டு வேலைக்குப் போன அண்ணன் விட்டுப்போன சைக்கிளாம். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிற வேலை. வெள்ளைச் சட்டையின் முதுகில் கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் சேறு கோடு போட்டிருந்தது.

"அக்கா, இன்னொரு தடவை இப்படிப் போய் நின்னா வேற ஆளைப் பாத்துக்கறோம்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க" என்றாள். "திங்கக்கிழமை காலையில புது வீடு. ஆபரேஷன் ஆன அம்மா, புண்ணுக்குக் கட்டு மாத்தணும். சேத்தோட எப்படி உள்ள போறது?"

"பஸ்ல போயேன் சிஸ்டர்" என்றேன்.

"ஒரு நாளைக்கு எட்டு வீடு அக்கா. எட்டும் எட்டு மூலையில இருக்கு."

என் நாத்தனார் வந்து குனிந்து முன்சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "இந்த டயர் பெருசு. ஒரு சைஸ் சின்னதாப் போட்டா நாலு மில்லி கிடைக்கும். சனிக்கிழமை சாயங்காலம் வாங்க" என்றாள். என்னிடம், "அண்ணி, புது டயரை இன்னிக்கே மாட்டி, முழுசா காத்து அடிச்சுத் தொங்க விட்டுடுங்க. ரெண்டு நாள் ஊறட்டும், அப்புறம் அளக்கறேன்."

புது டயர் காற்று ஏறிய முதல் இரண்டு நாளில் மெல்ல விரியும். ஒரு மில்லி, சில சமயம் இரண்டு. கல்யாணமாகி வந்த முதல் மாதமே அவள் எனக்கு இதை எடுத்துச் சொன்னாள். இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

டயர், ட்யூப் மாற்றுவது என் பொறுப்பு. அன்றைக்குப் பார்த்துச் சரக்கு வந்து இறங்கியது. இறக்கி, பிரித்து, அடுக்கி முடிப்பதற்குள் வெள்ளிக்கிழமையும் போய், இடுப்பு ஒடிந்துபோனது. சனிக்கிழமை காலையில் கடையைத் திறந்தால், அந்தப் புது டயர் கவுன்டருக்கு அடியில் சுற்றின மேனிக்கு அப்படியே கிடக்கிறது. ஒரே ஓட்டமாகப் போய் மாட்டினேன். காற்றடித்து நிமிர்ந்தபோது மணி ஒன்பது. அவளும் இறங்கி வந்துவிட்டாள்.

"எப்ப மாட்டினீங்க அண்ணி?"

"நீ சொன்ன அன்னிக்கேதான்" என்றேன், வாய் கூசாமல்.

ஏன் சொன்னேன் என்று கேட்டால், அவள் திட்டுவாள் என்று பயந்து அல்ல. திட்ட மாட்டாள். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சரி, விடுங்க" என்பாள். பதினெட்டு வருஷமாக அந்த "விடுங்க"வைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. அதற்காக ஒரு பெண்ணின் உயிரை வைத்து விளையாடினாயா என்று கேட்டால், ஆமாம், விளையாடினேன்.

அன்று பகல் முழுக்க அவள் வேலை செய்வதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின் மட்கார்டு சீக்கிரம் ஏறிவிட்டது. முன் மட்கார்டை பிரேக் வருகிற இடத்தில் இரண்டாக அறுத்தாள். பிரேக்குக்கு அடியில் எதையும் நுழைக்காமல், முன்னால் ஒரு துண்டும் பின்னால் ஒரு துண்டுமாக ஒரு தகட்டில் பிடித்து பிரேக் போல்ட்டிலேயே நிறுத்தினாள். ஹேர் டிரையரால் விளிம்பைச் சூடாக்கி, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் இரண்டு காலுக்கும் நடுவே அடங்கும்படி உள்பக்கம் வளைத்தாள். அது என்னுடைய ஹேர் டிரையர். அதைத் திருப்பிக் கேட்பதை நான் நிறுத்தி இரண்டு வருஷமாகிறது.

மட்கார்டைத் தாங்கும் கம்பிகளைப் பிடிக்கத் துளை இல்லாததால் ஃபோர்க்கின் காலைச் சுற்றி க்ளாம்ப் போட்டாள். பெயின்ட் உரியாமலிருக்க உள்ளே பழைய ட்யூபை வெட்டி வைத்தாள். அறுத்த கம்பி நுனிகளை அரத்தால் ராவி, தன் உள்ளங்கையிலேயே தேய்த்துப் பார்த்தாள். பழைய பஸ் பாஸ் அட்டைகளை வெட்டி ஒட்டி, சரியாக நாலு மில்லி தடிமனில் ஒரு துண்டு வைத்திருக்கிறாள். அதை டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விட்டு, சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றினாள். எங்கேயும் இடிக்கவில்லை. கடைசியில் சைக்கிளை ஒரு முழ உயரம் தூக்கித் தரையில் போட்டு, காதைக் கொடுத்துக் கேட்டாள். ஒரு சத்தம் இல்லை. எரிச்சலை மூட்டை கட்டி வைத்துவிட்டுச் சொல்கிறேன், அந்தக் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

சாயங்காலம் நர்ஸ் வந்து, கடை வாசலில் தேங்கிய தண்ணீரில் மூன்று தடவை ஓட்டிப் பார்த்தாள். திரும்பி முதுகைக் காட்டி, "சுத்தமா இருக்கா அக்கா?" என்று கேட்டாள். பொட்டுச் சேறு இல்லை. அவள் சிரித்தாள். நான் குனிந்து ரசீது எழுதினேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

ஞாயிறு முழுக்க மழை. "ஏன் ஆடு திருடினவ மாதிரி முழிச்சுக்கிட்டிருக்கே?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். தலைவலி என்றேன். ஒரு பொய் சொன்ன வாய்க்கு இன்னொன்று சொல்வதா கஷ்டம்?

திங்கட்கிழமை விடியும்போது இருப்புக் கொள்ளவில்லை. அந்தப் பெண்ணின் வீடு மேட்டுத் தெருவில். அங்கிருந்து பாலம் வரை ஒரே இறக்கம். ரசீதில் இருந்த நம்பருக்கு இரண்டு தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. போய் நாத்தனாரின் கதவைத் தட்டி, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை. "சனிக்கிழமை எத்தனை மணிக்கு மாட்டினீங்க?"

"ஒன்பது."

"இந்நேரம் முழுசா விரிஞ்சிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே ரெயின்கோட்டை எடுத்தாள். "விடுங்க" என்று சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அவள் சைக்கிளின் கேரியரில் நானும் ஏறி உட்கார்ந்தேன். என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கொட்டுகிற மழையில் மிதித்தாள். மேடு வந்ததும் குதித்துப் பின்னாலேயே ஓடினேன். என் உடம்புக்கு அது ஓட்டமா என்று கேட்காதீர்கள். தெருமுனையில் நர்ஸ் சைக்கிளில் ஏறி இறக்கத்தின் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள். என் நாத்தனார் தன் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையையும் விரித்து நடுரோட்டில் போய் நின்றாள்.

"இறங்குங்க சிஸ்டர்."

அட்டைத் துண்டை எடுத்து முன்சக்கரத்தில் வைத்தாள். முனைகூட நுழையவில்லை. வீட்டு வாசலிலிருந்து தெருமுனைக்கு வருவதற்குள்ளேயே ஒரு சருகு உள்ளே போய் மடங்கி ஒட்டிக்கொண்டிருந்தது. அதை நகத்தால் இழுத்து வெளியே எடுத்தாள். நர்ஸ் அந்தச் சருகைப் பார்த்தாள், இறக்கத்தைப் பார்த்தாள். முகம் வெளுத்துப்போனது.

"தப்பு என்னுது" என்றாள் என் நாத்தனார். "டயர் விரியறதுக்கு முன்னாடியே அளந்துட்டேன். மன்னிச்சுக்குங்க. இன்னிக்கு என் சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போங்க, முழு மட்கார்டு இருக்கு. புதன்கிழமை உங்களுது ரெடியா இருக்கும், அது வரைக்கும் இதையே வச்சுக்குங்க."

கீழே கிடந்ததைத் தூக்கி, நர்ஸின் உயரத்துக்கு சீட்டை இறக்கிக் கொடுத்தாள். பத்து நிமிஷம் தாமதமாக, ஆனால் சுத்தமான முதுகோடு அந்தப் பெண் வேலைக்குப் போனாள்.

ரேஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நாங்கள் இறங்கினோம். பாலம் வரைக்கும் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

"ஏன் என் பேரைச் சொல்லல?"

"கடைக்கு வர்றவங்க முதல்ல உங்க முகத்தைத்தானே பாக்கறாங்க அண்ணி" என்றாள். "எப்ப மாட்டினது, என்ன பண்ணினதுன்னு உங்ககிட்டதான் கேப்பாங்க. அதுல சந்தேகம் வந்துட்டா, உள்ள உக்காந்து நான் எத்தனை அளந்து என்ன?"

நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு எட்டு வார்த்தை பேசி, அன்றோடு விஷயம் முடிந்திருக்கும். வெட்கமாக இருந்தது. அவ்வளவு வெட்கம் என் ஆயுசில் பட்டதில்லை.

கம்பிகளைத் தளர்த்தி, மட்கார்டை உயர்த்தி, விளிம்பை மறுபடி வளைத்து, இரண்டு நாள் பொறுத்திருந்து திரும்ப அளந்தாள். புதன்கிழமை சாயங்காலம் நர்ஸ் வந்தாள். புது வீட்டில் அவளையே தொடர்ந்து வரச் சொல்லிவிட்டார்களாம். அவள் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"சிஸ்டர், அன்னிக்குத் தப்புப் பண்ணினது அவ இல்ல, நான்தான். சனிக்கிழமை மாட்டின டயரை வியாழக்கிழமையே மாட்டிட்டேன்னு அவகிட்டப் பொய் சொன்னேன்."

பட்டறையில் அரம் ராவுகிற சத்தம் நின்றுவிட்டது. நர்ஸ் நாத்தனாரின் சைக்கிள் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தன்னுடையதைத் தள்ளிக்கொண்டு வேறு கடைக்குப் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன்.

"இப்ப காத்து அடிச்சு எவ்வளவு நாளாச்சு?" என்று என்னிடம் கேட்டாள்.

"சனிக்கிழமை காலையில ஒன்பது மணிக்கு. நாலரை நாள்."

அவள் குனிந்து சக்கரத்தைப் பார்க்கவில்லை. ஏறி உட்கார்ந்து, மழையில் மிதித்துக்கொண்டு போனாள்.