போகாதவனுக்கு ஒரு பொன்னாடை

எங்கள் அடுக்ககத்தில் யாரும் யாருக்கும் வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தருவதில்லை. மேல்மாடி சரோஜா அக்கா ஒரு தூக்கில் பாயசம் கொடுத்தனுப்பினால், தூக்கைக் கழுவிக் காயவைத்து, அதில் நாலு முறுக்காவது போட்டுத்தான் திருப்ப வேண்டும். வீட்டில் முறுக்கு இல்லாவிட்டால் தூக்கு நம்மோடு தங்கிவிடும். மேடவாக்கத்துக்குக் குடிவந்த புதிதில் இது தெரியாமல், ஒரு கிண்ணத்தைப் பளபளவென்று தேய்த்து, பெருமையாகக் கொண்டுபோய் நீட்டினேன். அக்கா கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஏன் தம்பி, மலேசியால சர்க்கரைக்கும் பஞ்சமா?" என்றார். அன்றிலிருந்து திருப்பித் தரும் பொறுப்பை என் மனைவி பியூலா என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

மலேசியாவில், தைப்பிங்கில் பசியாறிக்கொண்டே இதை வாசிக்கிற உங்களுக்கு என் கதை பாதியாவது தெரியும். நம் பெரியவர்கள் கப்பலேறி வந்த வழியில் நான் விமானமேறித் திரும்பிப் போனவன். எல்லாரும் மலேசிய வெள்ளி சம்பாதிக்க வெளியே கிளம்பும் ஊரிலிருந்து ஒருத்தி உறவினர் கல்யாணத்துக்குத் தைப்பிங் வந்தாள். அவள் பின்னாலேயே நான் இங்கே வந்துவிட்டேன். பியூலா சேலையூரில் கணக்கு டீச்சர். எனக்கு ஓ.எம்.ஆரில் மென்பொருள் சோதிக்கும் வேலை. அதாவது அடுத்தவர்கள் செய்யும் தவறுகளைக் கண்டுபிடிக்க எனக்குச் சம்பளம். என் தவறுகளை பியூலா சம்பளம் வாங்காமல் கண்டுபிடிக்கிறாள்.

வீட்டுக் கடன் அவள் பெயரில் இருக்கிறது. மலேசியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவனை வங்கிக்குப் பிடிக்கவில்லை. கவலை மட்டும் கூட்டுக்கணக்கில். அவளுடைய வைப்புநிதியும், அவள் அம்மா போட்ட வளையல்களும் முன்பணமாகப் போய், இரண்டு படுக்கையறைகளும் வாரம் இருமுறை தண்ணீர் லாரியும் கொண்ட வாழ்க்கை எங்களுக்குக் கிடைத்தது. வட்டி மிதக்கும் வட்டி என்றார்கள். மிதக்கிற பொருள் மேலும் கீழும் போய்வரும் என்று நினைத்திருந்தேன். இது மேலே மட்டும் மிதந்தது. ஒரு நாள் வங்கியில் பியூலா விசாரித்தாள்.

"தவணை அதேதான் மேடம். வருஷம்தான் கொஞ்சம் எக்ஸ்டெண்ட் ஆயிருக்கு."

"எது வரைக்கும் சார்?"

"நீங்க ரிட்டயர் ஆனதுக்கு அப்புறமும் கொஞ்சம் போகும்."

"அப்ப எதுல கட்டறது?"

"அது உங்க சௌகரியம் மேடம்," என்றார் அவர், மிகுந்த பெருந்தன்மையோடு.

அன்று மாலையே எங்கள் வீட்டில் ஆட்சி மாறியது. ஆட்டோ கிடையாது. ஆபீஸ் கேன்டீன் கிடையாது, டிபன் கேரியர்தான். விடிவதற்குமுன் எழுந்து நடக்க வேண்டும், ஏனென்றால் மருந்துக் கடைக்குப் போகிற காசும் கடன் கட்டுகிற காசுதானாம். ஒரு பொருள் வீட்டுக்குள் வந்தால் ஒரு பொருள் வெளியே போக வேண்டும். நான் கீழ்ப்படிந்தேன். தினமும் ஏரிக்கரை வரை நடந்தேன். ஏரிக்கரையில் ஒரு வடைக்கடை இருந்தது. நடையில் இழந்ததை அங்கே மீட்டுக்கொண்டு திரும்பினேன். எடை குறையவில்லை, ஆனால் பழக்கம் நன்றாக வேரூன்றிவிட்டது.

உண்மையான போர்க்களம் இரண்டாவது படுக்கையறை. அதில் யாரும் படுத்ததில்லை, படுக்க இடம் இருந்ததில்லை. கல்யாணத்துக்கு வந்த சுவர்க்கடிகாரங்கள், எவர்சில்வர் குடங்கள், பிரிக்காத டின்னர் செட்டுகள், தண்ணீர் பிடிக்கும் டிரம்கள், கம்ப்யூட்டர் வந்த அட்டைப்பெட்டி, அது வந்த இன்னொரு அட்டைப்பெட்டி. எல்லாம் பியூலா வீட்டுச் சாமான் என்று நான் கேலி செய்துகொண்டிருந்தேன். ஒரு நாள் அவள் ஒரு மூட்டையை இழுத்து என் முன்னால் அவிழ்த்தாள். உள்ளே தைப்பிங் கடைகளின் பெயர் அச்சடித்த பிளாஸ்டிக் பைகள், மடித்து அடுக்கி வைத்தவை. வைத்தவன் நான்தான். எதற்கு என்று கேட்டாள். இப்போது வரை பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

"இந்த ரூம் மட்டும் காலியானா பத்தாவது பசங்களுக்கு ட்யூஷன் ஆரம்பிச்சிடுவேங்க," என்றாள். "அந்தக் காசு மொத்தமும் அசலுக்கு. ரிட்டயர் ஆகறதுக்குள்ள முடிச்சிடலாம். இல்லன்னா இந்த வீட்டை நம்மால தக்கவைக்க முடியாது."

முதலில் உள்ளூர் வழியில் முயன்றோம். தெருவில் பழைய துணிக்குப் பாத்திரம் தருகிற அம்மா கூவிக்கொண்டு வந்தார். என் பழைய பேன்ட்களையும் பியூலாவின் சேலைகளையும் மூட்டையாகக் கொடுத்தோம். நீண்ட பேரத்துக்குப் பிறகு இரண்டு எவர்சில்வர் பேசின்களைக் கொடுத்தார். துணி மடித்தால் அடங்கும், பேசின் அடங்காது. அறை முன்பைவிட நிறைந்தது. வீட்டைக் காலி செய்யக் கொடுப்பதற்கு வீட்டை நிறைப்பதையே விலையாகத் தருகிற இந்த வியாபாரத்தை நான் இன்னும் வியப்போடுதான் பார்க்கிறேன்.

அப்போதுதான் எனக்கு நம்மூர் ஞாபகம் வந்தது. தைப்பிங் தேவாலயத்து வளாகத்தில் வருடாவருடம் போடும் ஜம்பிள் சேல், அதாவது பழைய சாமான் விற்பனை. மழை வருவதற்குள் விற்றாக வேண்டும் என்று எல்லாரும் பரபரப்பார்கள். டாக்டர் வீட்டு அம்மா தன் பழைய கைப்பையை விற்பார், பக்கத்து மேசையில் வேறொருவர் விற்ற தேநீர்க் கோப்பைகளை வாங்குவார், அதில் யாருக்கும் கூச்சம் கிடையாது. "நாமும் கீழே பார்க்கிங்கில் ஒரு ஜம்பிள் சேல் போடுவோம்," என்றேன். பியூலா தயங்கினாள். இந்த ஊரில் அப்படி யாரும் செய்வதில்லையே என்றாள். எல்லாவற்றுக்கும் ஒரு முதல் தடவை வேண்டும் என்று நான் பெரிய சீர்திருத்தவாதி மாதிரிப் பேசினேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் மேசை போட்டு, எல்லாவற்றிலும் விலை ஒட்டி, ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். அக்கம்பக்கத்தார் வந்தார்கள். ஆனால் வந்த விதம்தான் சரியில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, சாமான்களைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார்கள். ஒருவர் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார். பிறகு சரோஜா அக்கா இறங்கி வந்தார்.

"என்ன தம்பி இது, இப்படி ஆயிடுச்சு? வேலை போயிடுச்சா?"

"இல்லக்கா. வீட்ல இடம் இல்ல, அதான்."

"என்கிட்ட மறைக்காதீங்க. அவசரம்னா சொல்லுங்க, சீட்டுப் பணம் கைல இருக்கு." சொல்லிக்கொண்டே மேசையிலிருந்து ஒரு தூக்கை எடுத்தவர், அதன் விளிம்பில் வெட்டியிருந்த பெயரை வாய்விட்டுப் படித்தார். அவர் வீட்டுக்காரர் பெயர். அக்கா தூக்கைத் திருப்பி, ஒட்டியிருந்த விலையைப் பார்த்தார்.

"எங்க வூட்டுக்காரருக்கு இவ்ளோதான் விலையா?"

"எடுத்துட்டுப் போங்கக்கா, தெரியாம..."

"வெறும் தூக்காவா?"

பியூலா மேலே எங்கள் வீட்டுக்கு ஓடி முறுக்கோடு திரும்பினாள். இந்த ஊரில் பாத்திரங்களின் மேல் ஏன் பெயர் வெட்டுகிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. என்னைப் போன்றவர்கள் குடிவருவார்கள் என்று முன்கூட்டியே யாரோ யோசித்திருக்கிறார்கள்.

அன்று விற்றது ஒரு கோணல் ஸ்டூல் மட்டும். அதையும் வாங்கியது நாங்கள் கஷ்டத்தில் இருக்கிறோம் என்று இரங்கியவர். மேசையை மடிக்கும்போது அடுக்ககச் சங்கச் செயலாளர் வரதன் சார் வந்தார். ஓய்வுபெற்ற அதிகாரி, எந்த விஷயத்தையும் ரகசியம் போலச் சொல்பவர்.

"அப்போ ஊருக்கே திரும்பறதா முடிவு பண்ணிட்டீங்க."

"இல்ல சார், சும்மா சாமான் குறைக்கிறோம்."

"புரியுது சார். முடியற வரைக்கும் வெளிய சொல்லக்கூடாது. நானும் சொல்ல மாட்டேன்."

சொல்லவில்லைதான். கூட்டம் போட்டுவிட்டார். அடுத்த ஞாயிறு அதே பார்க்கிங்கில் எங்களுக்குப் பிரிவு உபசார விழா. பொன்னாடை போர்த்தினார்கள். மலேசியாவுக்குக் கொண்டுபோக ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். நான் எழுந்து, மிகத் தெளிவாக, "நான் எங்கேயும் போகவில்லை, இங்கேதான் இருக்கப்போகிறேன்," என்றேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. "மனசு இங்கயேதான் இருக்கும்ங்கறார்," என்று வரதன் சார் மைக்கில் விளக்கம் சொன்னார். முன்வரிசையில் சரோஜா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அதிசயம். அவ்வளவு விலை குறைத்தும் யாரும் தொடாத சாமான்களைக் கேட்டு ஒவ்வொருவராக வீட்டுக்கு வந்தார்கள். விலைக்கு அல்ல, ஞாபகத்துக்கு. "உங்க ஞாபகமா அந்தக் குடம் இருக்கட்டும்." "பொண்ணுக்கு அந்த டின்னர் செட்டு, நீங்க குடுத்ததுன்னு சொல்லிப்பேன்." நம்மூரில் விலை ஒட்டினால் கூச்சம் போய்விடும். இங்கே விலை ஒட்டியதுதான் கூச்சம். ஊரைவிட்டுப் போகிறவன் கொடுத்தால் அதே பொருளுக்கு வேறு மதிப்பு வந்துவிடுகிறது. போகிறவன் இல்லை என்று நான் சொல்லச் சொல்ல அவர்கள் தலையாட்டிக்கொண்டே எடுத்துப் போனார்கள். வாரம் முடிவதற்குள் அறை காலி. பிளாஸ்டிக் பைகள்கூடப் போய்விட்டன. ஃபாரின் கவர் என்று ஒரு வீட்டுப் பெண்கள் பங்கு பிரித்துக்கொண்டார்கள்.

பொன்னாடை வாங்கியவனின் வீடு விற்பனைக்கு வரும் என்பது தரகர்களுக்கும் தெரியும். முனுசாமி அண்ணன் எனக்கு ஆபீசுக்கே போன் செய்தார்.

"சார், வூடு சோக்கா கீது, கார்னர் பிளாட்டு. பார்ட்டி ரெடியா கீறாங்கோ. லோன அடைச்சிட்டு கைல நல்லா நிக்கும் சார்."

"நான் விக்கலண்ணா."

"அல்லாரும் மொதல்ல அப்டித்தான் சார் சொல்வாங்கோ," என்று ஒரு தொகையைச் சொன்னார்.

தொகையை இங்கே எழுதமாட்டேன். ஆனால் உங்களிடம் உண்மையைச் சொல்லவேண்டும். சோழிங்கநல்லூரில் பஸ் ஏறியதும் அதை வெள்ளியாக மாற்றிப் பார்த்தேன். தைப்பிங்கில் வரிசையாக ஒட்டிக் கட்டிய டெரஸ் வீடு ஒன்று தெரிந்தது. பிற்பகல் மழை தெரிந்தது. லாரிக்குக் காத்திராமல் குழாயில் கொட்டும் தண்ணீர் தெரிந்தது. என் அம்மா வாசலில் நின்று, ஒவ்வொரு போனிலும் கேட்கும் "எப்போப்பா வர்ற?" என்பதைக் கேட்காமலே இருந்தார். பஸ் நெரிசலில் நகரவே இல்லை. நகராத பஸ்ஸில் உட்கார்ந்து நான் வெகுதூரம் போனேன்.

வீட்டுக்கு வந்தபோது பியூலா அடுப்பு பற்றவைக்காமல் சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள். பள்ளியில் எல்லா டீச்சர்களும் அவளிடம் பிரியாவிடை சொல்லிவிட்டார்களாம். முனுசாமி அவளிடமும் பேசியிருந்தார்.

"ஊரே சொல்லுது. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. போற எண்ணம் இருக்கா?"

நான் வேடிக்கையாக ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். அவள் முகம் அதற்கு இடம் தரவில்லை. வைப்புநிதியும் வளையலும் போட்டவள் அவள். அவளுடைய பெற்றோர் கிழக்குத் தாம்பரத்தில் இருக்கிறார்கள், ஒரு பஸ் தூரத்தில். என்னுடையவர்கள் கடலுக்கு அந்தப் பக்கம்.

"இன்னிக்குப் போனேன்," என்றேன். "பஸ்ல உக்காந்தபடியே தைப்பிங் போயிட்டேன். மேடவாக்கம் கூட்ரோட்ல இறங்கறப்ப திரும்பி வந்துட்டேன்."

"ஏன் வந்தீங்க?"

"அங்க வீட்டுக்குள்ள நுழைஞ்சேன். நீ இல்ல. உன்னைக் கூட்டிட்டுப் போகாமலே போயிருக்கேன்."

அவள் தீப்பெட்டியைத் தேடிக்கொண்டே, "அடிக்கடி போவீங்களா?" என்றாள்.

"நெரிசல் இருந்தா."

"அப்ப தினமும்," என்றாள். அடுப்பு பற்றிக்கொண்டது. சிரித்தாளா என்று தெரியவில்லை, முதுகு காட்டி நின்றாள். "திங்கக்கிழமை ட்யூஷன் ஆரம்பிக்கிறேன். மூணு பேர் சேர்ந்திருக்காங்க. அந்தாளுக்கு நீங்களே சொல்லிடுங்க, வித்துத்தான் லோனை முடிக்கணும்னா நாம வாங்கியே இருக்க வேண்டாம்."

சொன்னேன். முனுசாமி அண்ணன் கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்டு மறுநாள் காலை பார்ட்டியோடு வந்துவிட்டார். "சும்மா பாக்கட்டும் சார், பாக்கறதுக்கு காசா?" ஒரு நடுத்தர வயதுத் தம்பதி, கூட அந்த அம்மாளின் மாமியார். வந்தவர்களை வாசலில் நிறுத்திப் பேச எனக்குத் தெரியவில்லை. உள்ளே கூப்பிட்டேன். தம்பதி ஹாலிலேயே நின்று முனுசாமியோடு விலை பேச, மாமியார் மட்டும் நேரே அந்த இரண்டாவது அறைக்குள் போனார். நானும் கூடப் போனேன். வெறும் தரை. ஜன்னலில் வெயில். சுவரில் ஆணி அடித்த தடங்கள். சாமான் இருந்தபோது அந்த அறைக்கு ஜன்னல் இருப்பதே எனக்குத் தெரியாது. யாரோ ஒருவருடைய வீட்டைப் பார்க்க வந்தவன் போல நானும் அண்ணாந்து கூரையைப் பார்த்தேன்.

அந்தப் பெரியம்மா சுவரைத் தட்டிப் பார்த்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "ஏம்பா, நீங்க இப்பத்தான் குடி வர்றீங்களா, இல்ல காலி பண்றீங்களா?"

பியூலா பள்ளிக்குக் கிளம்பிய கோலத்தில், டிபன் கேரியரை மூடியபடி, சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டும் இல்லம்மா," என்றாள். "லோன் கட்டிகிட்டு இருக்கோம்."