இரவல் தகப்பன்

மதியத் தொழுகை முடிந்து, ரஷீத் ஊரின் கடைகள் பாதிக் கதவைச் சாத்திக்கொண்டு, நைல் நதியே சற்றுக் கண்ணயர்ந்தது போலக் கிடக்கும் நேரத்தில், உஸ்தா என்று ஊர் மரியாதையாக அழைக்கும் பசியூனியின் முடிதிருத்தும் கடைக்கு மேல்மாடியிலிருந்து இங்கிலீஷ் கேட்கும். பேசுவது அவருடைய ஒரே மகள் ரபாப். வயது இருபத்தாறு. காதில் இயர்போன், கையில் காயப்போட வேண்டிய ஈரத் துணி, வாயில் இன்னொருத்தியின் வாழ்க்கை.

அந்த இன்னொருத்தி பனி பெய்யும் தேசத்தில் தேனீ வளர்க்கும் கிழவி. எங்கோ ஒரு மேடையில் பதினாலு நிமிஷம் பேசியது ரபாபின் போனில் இருந்தது. ஒரு வரி கேட்பாள், நிறுத்துவாள், அதே ஏற்ற இறக்கத்தோடு திருப்பிச் சொல்வாள். கிழவி மூச்சு வாங்குகிற இடத்தில் இவளும் மூச்சு வாங்குவாள். கூட்டம் சிரித்த இடத்தில் சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்துவிட்டுத்தான் மேலே போவாள். இரண்டு வருஷமாக இதே பேச்சு. கிளிப்பிள்ளை என்று ஊர் சிரித்தது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அலெக்சாந்திரியாவில், வெளிநாட்டுக்காரர்களின் ஹோட்டல் போன்களுக்குப் பதில் சொல்லும் ஒரு ஆபீஸில் வேலை. அங்கே ஒரு ஆளுக்கு மூன்று தடவைதான் தேர்வு. அதற்கு மேல் வாசற்படி மிதிக்க விடமாட்டார்கள். முதல் தடவை ரபாபுக்கு வார்த்தையே வரவில்லை. இரண்டாம் தடவை எல்லா வார்த்தையும் ஒரே நேரத்தில் வந்து வாயில் முட்டிக்கொண்டது. மிச்சம் ஒரு தடவை.

முதலில் பயிற்சியாகத்தான் இருந்தது. போகப்போக அது அவளுக்கு ஒரு ஊராகிவிட்டது. ஜூலை வெயிலில் கொடியில் விரிப்பை உதறும்போது அவளுக்குள் பனி பெய்யும். வைக்கோல் சுற்றிய தேன்பெட்டிகளுக்கு நடுவே பெரிய பூட்ஸ் போட்டுக்கொண்டு நடப்பாள். ஒரு பெட்டியில் காதை வைப்பாள். உள்ளே ஆயிரக்கணக்கான தேனீக்கள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு குளிருக்கு மெல்ல முனகும். அந்த முனகல் எங்கே முடிந்தது, கீழே தெருவில் போன மோட்டார் ரிக்‌ஷாவின் சத்தம் எங்கே தொடங்கியது என்று அவளுக்கே தெரியாது.

"மத்தி மீன் கருகுதுடி. எந்த நாட்டுல இருக்க?" என்று அம்மா ஸனிய்யா கத்தினால்தான் திரும்பி வருவாள்.

அந்தப் பேச்சில் ஒரே ஒரு முள் இருந்தது. நாலாவது நிமிஷத்தில் கிழவி சொல்வாள்: "எனக்கு ஒன்பது வயதில் என் தகப்பனார் இறந்துபோனார்."

ரபாப் முதல் தடவை அதைச் சொன்னபோது நாக்கு சுட்டது போலிருந்தது. உயிரோடு இருக்கிற தகப்பனை, அதுவும் கீழே நின்று சவரம் செய்துகொண்டிருக்கிறவரை, எந்த மகள் வாயால் கொல்லுவாள்? அந்த வரியை விட்டுவிட்டுச் சொல்லிப் பார்த்தாள். பின்னலில் ஒரு கண்ணி விட்டது போல மீதியெல்லாம் அவிழ்ந்தது. கடைசியில், வரியைச் சொல்லிவிட்டு, மரத்தைத் தொட்டால் தீங்கு விலகும் என்ற நம்பிக்கையில் ஜன்னல் கட்டையைத் தொட்டு, "கெட்டது தூரப் போகட்டும் பாபா" என்று அப்பாவை நினைத்து அரபியில் முணுமுணுத்துவிட்டு மேலே போகப் பழகிக்கொண்டாள்.

கீழே பசியூனியோ வேறு உலகத்தில் இருந்தார். பேசாமல் கத்தரி பிடிக்கத் தெரியாத மனுஷர் அவர். இங்கிலீஷில் அவருக்குத் தெரிந்தது பத்து வார்த்தை இருக்கும். அதில் 'ஃபாதர்' ஒன்று.

"மேல என்னப்பா சொல்லுது உம்மவ?" என்று நாற்காலியில் முகமெல்லாம் நுரையோடு ஹாஜ் தஸூகி கேட்பார்.

"எல்லாம் பெரிய விஷயம் ஹாஜி. உமக்குப் புரியாது. சித்த இரும், இப்ப வரும் பாரும்." பசியூனி கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டுவார். "வந்துச்சா? ஃபாதர்னு சொன்னா பாத்தீரா? அது நான்தான். ஒரு நாளும் என்னைச் சொல்லாம விடமாட்டா."

ரபாபுக்கு இதெல்லாம் மாடியில் கேட்கும். ஜன்னல் கட்டையை இன்னொரு தடவை தொட்டுக்கொள்வாள்.

மூன்றாம் தேர்வுக்கு அவரும் கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே வந்தார். அலெக்சாந்திரியாவில் அந்த ஆபீஸின் நடையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடைத்ததும், பக்கத்தில் நின்ற காவல்காரனின் தலையைப் பார்த்து, முடி ஏன் கொட்டுகிறது என்று பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்.

உள்ளே மதாம் ஜிலான் என்ற அம்மாள். நரைத்த புருவம், சாந்தமான குரல். "உங்களை உருவாக்கியவர் யார்? நிதானமாகச் சொல்லுங்கள்" என்று இங்கிலீஷில் கேட்டார்.

இந்தக் கேள்விக்கு ரபாப் ஒரு பதில் தயார் செய்து வைத்திருந்தாள். அது பறந்து போயிற்று. அந்த இடத்தில், கூப்பிடாமலே, தேனீக்கள் வந்தன. "எனக்கு ஒன்பது வயதில் என் தகப்பனார் இறந்துபோனார். அவர் எனக்கென்று விட்டுப்போனது பன்னிரண்டு தேன்பெட்டிகள்." வாக்கியங்கள் தாமாக உருண்டு வந்தன. யாரோ பேச, தான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது போல அவளுக்கு இருந்தது. ராணித் தேனீயைப் பற்றிய வேடிக்கை வந்ததும் நிறுத்திக் காத்திருந்தாள். மதாம் ஜிலான் நிஜமாகவே சிரித்தார். பிறகு அந்த முதல் குளிர்காலம், பெட்டியில் காதை வைத்துக்கொண்டு அப்பாவைத் தேடிய சிறுமி. மதாம் பேனாவை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கும் சின்ன வயசுலதான்" என்றார், அரபியில். பிறகு இறந்தவர்களுக்குச் சொல்கிற அந்தப் பிரார்த்தனையை, துஆவை, கையேந்திச் சொன்னார். "அல்லாஹ் உங்க அப்பாவுக்கு ரஹ்மத் செய்யட்டும்."

ஆமீன் சொல்ல வேண்டும். ஒரு சொல். சொன்னால் வேலை கையில்.

மூடிய கதவுக்கு அப்பால் பசியூனி எதற்கோ வாய்விட்டுச் சிரிக்கிற சத்தம் கேட்டது. ரபாப் விழித்துக்கொண்டாள். மாடியில் இரண்டு வருஷம் செத்தது கிழவியின் அப்பா. ஆனால் இது அரபியில் கேட்ட துஆ. நேராகப் போய்ப் பசியூனியின் தலையில்தான் இறங்கும். தொடுவதற்கு அங்கே கட்டை எதுவும் இல்லை. எல்லாம் கண்ணாடியும் இரும்பும்.

அவள் வாயைத் திறந்தாள். இதுவரை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்காத இங்கிலீஷ் வந்தது. "என் அப்பா செத்தது இல்லை. அவர் வெளியே. அவர் முடி வெட்டும். அவர் சிரிக்கிறது அது."

மதாம் ஜிலான் கதவைப் பார்த்தார். சிரிப்பு மறுபடியும் கேட்டது.

"அப்ப தேனீ?"

"என்னுது இல்லைங்க. அந்த அப்பாவும் என்னுது இல்லை. கேட்டுக் கேட்டுப் பாடம் பண்ணினேன்."

அந்த அம்மாள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் ரபாபுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "இத்தனை நேரம் பேசின பொண்ணை எடுத்துக்கலாம்னு எழுதி வச்சிருந்தேன்" என்றார். "ஆனா அது நீயில்ல. இந்த நாலு வாக்கியம்தான் நீ. இதுக்குத்தாம்மா நான் மார்க் போட முடியும்." போட்டார். தலைகீழாகத் தெரிந்தாலும் பூஜ்யத்துக்குப் பக்கத்து எண் எது என்று யாருக்கும் தெரியும்.

ஊர் திரும்பும் மினிபஸ்ஸில், ஈச்ச மரங்கள் ஓடத் தொடங்கிய பிறகு, ரபாப் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"ரெண்டு வருஷமாவா?" என்றார் பசியூனி.

"தினமும் பாபா."

"ஃபாதர்னு வரும்போதெல்லாம் நான் நெஞ்சை நிமித்திக்கிட்டு நிப்பேனே. ஹாஜிகிட்ட வேற." சற்று யோசித்தார். "சும்மா ஒரு ஆமீன் சொல்லியிருந்தா வேலை கிடைச்சிருக்கும்ல?"

"கிடைச்சிருக்கும்."

"சொல்ல வேண்டியதுதானே கண்ணு. நான் என்ன செத்தா போயிருப்பேன்?"

"வாய் வரல பாபா" என்றாள். இனிமேல் அந்தப் படியை மிதிக்க முடியாது என்பது அப்போதுதான் முழுசாக உறைத்தது. அழுதாள்.

வண்டி இத்கூ ஊரைத் தாண்டியது. பசியூனி ஜன்னல் பக்கம் திரும்பி, மூக்கைச் சிந்தி, கைக்குட்டையை மடித்தார். பிறகு முன்சீட்டுக்காரரின் தோளைத் தட்டினார்.

"அண்ணே, இது எம்மவ. இன்னிக்குப் பெரிய ஆபீஸ்ல, மதாமுக்கு முன்னாடி, இங்கிலீஷ்லயே சொல்லிட்டு வர்றா, எங்கப்பா சாகலைன்னு."

அந்த ஆளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருந்தாலும் மரியாதைக்கு, "அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுசு குடுக்கட்டும் அண்ணே" என்றார்.

வண்டியில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி ரபாப் ஆமீன் சொன்னாள்.