மாடிப்படிக்குக் கீழே நின்ற பைக்

கொச்சியில், கலூரில் பள்ளிச் சீருடை தைக்கிற ஒரு கம்பெனியில் நான் துணி வெட்டும் வேலை பார்க்கிறேன். வீடு மட்டாஞ்சேரியில், கொச்சங்காடிப் பக்கம். ஒன்பது வருடம் பஸ்ஸில்தான் போய்வந்தேன். காலை ஏழரைக்கு ஏறினால் தோப்பும்படிப் பாலத்து நெரிசலில் பஸ் நின்றுவிடும். அதைத் தாண்டினால் தேவரா, அதையும் தாண்டினால் எம்.ஜி. ரோடு. ஒன்றரை மணி நேரம் கம்பியைப் பிடித்துத் தொங்கிவிட்டு, பிறகு வெட்டு மேசை முன்னால் சாயங்காலம் வரை நிற்க வேண்டும்.

அந்த ஒன்பது வருடமும் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே என் கணவரின் மோட்டார் பைக் உறை போட்டு நின்றது. அவருக்கு மிளகுக் குடோனில் வேலை. வீட்டிலிருந்து நடந்தால் ஐந்து நிமிடம், நடந்துதான் போவார். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போகும்போதும், எப்போதாவது சினேகிதர்களோடு சாயா குடிக்கப் போகும்போதும் அந்த உறை விலகும்.

இதை நினைத்தால் முதலில் என் மேல்தான் எரிச்சல் வருகிறது. தினமும் அந்த வண்டியைத் தாண்டித்தான் பஸ்ஸுக்கு ஓடினேன். அதில் நான் போகலாம் என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லை.

போன மழைக்காலத்தில் பஸ் திடீரென்று பிரேக் போட்டதில் என் முழங்கால் இரும்புச் சீட்டில் மோதி வீங்கியது. ‘பிடிச்சு நிக்கத் தெரியாதா?’ என்று கண்டக்டர் என்னைத்தான் திட்டினார். இனி பஸ் வேண்டாம் என்று அன்றைக்கே முடிவுசெய்தேன்.

மகள் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிய சைக்கிள் சும்மா கிடந்தது. வீக்கம் வடிந்ததும் அதைத் துடைத்து, டியூப் மாற்றி, நானே ஓட்ட ஆரம்பித்தேன். ஃபோர்ட் கொச்சி வரை போய், வண்டிகளை ஏற்றிச்செல்லும் ஜங்கார் படகில் காயலைக் கடந்து வைப்பினில் இறங்கினால், கோஸ்ரீ பாலங்கள் வழியாகக் கலூர் போய்விடலாம். முதல் நாள் ஜங்காரில் காற்று முகத்தில் அடித்தபோது சிரிப்பு வந்தது. யாரும் என் காலை மிதிக்கவில்லை, யாருடைய முழங்கையும் என் விலாவில் இல்லை.

ஆனால் பாலத்து ஏற்றத்தில் மிதிக்க மிதிக்க முழங்கால் மறுபடி வீங்கியது. வியர்வையில் நனைந்து போய்ச் சேர்ந்தால் உடை மாற்ற இடமில்லை. கம்பெனிக் குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. அதை மட்டும் சரிசெய்து தரும்படி சூப்பர்வைசரிடம் கேட்டேன்.

“சைக்கிள்ள வரச் சொன்னது யாரு?” என்றார்.

முப்பது பெண்கள் வேலை செய்கிற இடம் அது. தாழ்ப்பாள் வேண்டுமென்று கேட்டதற்கு அவர் தந்த பதில் அதுதான்.

அன்று வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் கேட்டேன். “உங்க பைக்கை நான் ஓட்டிப் படிச்சு வேலைக்கு எடுத்துட்டுப் போகட்டுமா?”

அவர் சிரித்தார். “அது வெயிட்டுள்ள வண்டி. நீ கீழ போட்டுருவ.”

“நல்லாப் படிச்சுட்டுத்தான் எடுப்பேன்.”

“இந்த வயசுலயா? பின்னே, ஆளுங்க என்ன சொல்லும்?”

“நம்ம தெருவுல எத்தனை பொம்பளைங்க ஸ்கூட்டர் ஓட்டுறாங்க? அவங்களை யாரு என்ன சொன்னாங்க?”

“அது ஸ்கூட்டர். இது பைக்.”

பேச்சு முடிந்துவிட்டது என்பது போல டி.வி.யின் சத்தத்தைக் கூட்டினார்.

இரண்டு ஞாயிறு கழித்து ஒரு புது வண்டியோடு வந்தார். ரோஸ் கலரில் சின்னதாக ஒரு எலெக்ட்ரிக் பைக், முன்னால் கூடை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கலரைக்கூடக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடி நின்றார்கள். “லைசன்ஸ் வேண்டா, படிக்கவும் வேண்டா, ஏறி உக்காந்தா போதும்” என்று அவர்களிடம் பெருமையாகச் சொன்னார். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நானும் சிரித்து, ரொம்ப சந்தோஷம் என்றேன். அந்தச் சிரிப்பை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஒரு மாதம் அந்த வண்டி ஒழுங்காக ஓடியது. பிறகு ஒரு திங்கட்கிழமை காலை, இரவெல்லாம் சார்ஜ் போட்டு எடுத்துவந்ததுதான், கோஸ்ரீயின் முதல் பாலத்து ஏற்றத்தில் நின்றுபோனது. பின்னால் பஸ், லாரி, வேலைக்குப் போகிற கூட்டம் மொத்தமும் ஹாரன் அடித்தது. “சேச்சி, ஓரத்துக்கு எடு!” என்று கத்திக்கொண்டே ஒருவன் உரசிப் போனான். எலெக்ட்ரிக் வண்டி நின்றுவிட்டால் அதன் பாரம் தெரியும். பாதி ஏற்றத்தில் அதைப் பிடித்தபடி நின்றேன். நூறு பேராவது என்னைக் கடந்திருப்பார்கள்.

வைப்பினிலிருந்து மீன் விற்கப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண்தான் நின்றாள். தலையிலிருந்த பாத்திரத்தைப் பாலத்தின் ஓரத்தில் இறக்கி வைத்துவிட்டுப் பின்னாலிருந்து தள்ளினாள். உச்சிக்குப் போனதும் மூச்சு வாங்கக் கேட்டாள். “வீட்டில் வேறே வண்டி இல்லே?”

“உண்டு” என்றேன்.

“பின்னே அது எவிடே?”

அவள் தன் பாத்திரத்தை எடுக்கத் திரும்பி நடந்தாள்.

கணவருக்குப் போன் செய்து, வண்டி பாலத்தில் நின்றுவிட்டது என்றேன்.

“நீ சார்ஜ் ஒழுங்காப் போட்டிருக்க மாட்டே” என்றார்.

எங்கே நிற்கிறாய், அடிபட்டதா, வரட்டுமா, எதுவும் இல்லை. போனை அணைத்தேன். வண்டியைத் தள்ளிக்கொண்டு மற்ற இரண்டு பாலங்களையும் கடந்து, ஹைகோர்ட் பக்கம் ஒரு கடை வாசலில் விட்டுவிட்டு ஆட்டோ பிடித்துப் போனேன். அரை நாள் லீவு என்று எழுதினார்கள். அன்று நான் வெட்டிய துணி ஒன்றுகூடக் கோணவில்லை. கோபத்தில் கை அவ்வளவு உறுதியாக இருந்தது.

அந்த வாரமே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். வீட்டில் சொல்லவில்லை, மகளுக்கு மட்டும் தெரியும். கற்றுத் தருபவர் ஸ்கூட்டரைக் காட்டி, “லேடீஸுக்கு இது போதும்” என்றார். கியர் வண்டிதான் வேண்டும் என்றேன். முதல் வாரம் மூன்று முறை விழுந்தேன். டெஸ்ட் அன்று, நட்டு வைத்த கம்பிகளுக்கு நடுவே காலைத் தரையில் ஊன்றாமல் எட்டு போட வேண்டும். முதல் தடவை கம்பியில் தட்டித் தோற்றேன். இரண்டாவது தடவை பாஸ்.

லைசன்ஸ் வந்த மறுநாள் காலை ஏழு மணிக்கு அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, “பைக் சாவி தாங்க” என்றேன்.

அவர் லைசன்ஸை எடுத்து இருபுறமும் திருப்பிப் பார்த்தார். “என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?”

“ரோஸ் வண்டி வாங்கும்போது நீங்க என்கிட்ட சொன்னீங்களா?”

“உன் நல்லதுக்குத்தானே வாங்கினேன்!”

“பாலத்துல நான் தள்ளிட்டு நின்னதும் என் நல்லதுக்குத்தானா?”

“எனக்கு வண்டி வேணும்.”

“எதுக்கு? குடோனுக்கு நடந்துதானே போறீங்க?”

தோசை தின்றுகொண்டிருந்த மகள் தலையை நிமிர்த்தாமல், “குடுங்க அத்தா, அம்மாவுக்கு நேரமாவுது” என்றாள். அவர் சாவியை மேசை மேல் வீசியெறிந்துவிட்டுக் குளிக்கப் போனார். அது சறுக்கித் தரையில் விழுந்தது. குனிந்து எடுத்தேன். எடுக்க எனக்கு வெட்கமாக இல்லை.

அன்று பாலத்தின் ஏற்றத்தில் இரண்டாவது கியருக்கு மாற்றி ஏறினேன். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஏறினேன்.

இப்போது ஐந்து மாதம் ஆகிறது. ரோஸ் வண்டி பேட்டரி மாற்றி வந்தது, மகள் கடைக்குப் போய்வர வைத்திருக்கிறாள். தெருவில் பெண்கள் என்னை நிறுத்திச் சொல்வார்கள், “கொடுத்து வெச்சவ நீ. எந்த மாப்பிள்ளை சொந்த பைக்கைப் பொண்டாட்டிக்குக் குடுப்பான்?” அவரும் அதைக் கேட்டு, ஆமாம் என்பது போல நின்றுகொண்டிருப்பார். குடுக்கலை, நான் எடுத்தேன் என்று ஒவ்வொருத்தரிடமும் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. நான் விளையாட்டுக்குச் சொல்வதாக நினைத்துச் சிரித்துவிட்டுப் போகிறார்கள்.

சாயங்காலம் நான் வந்து நிறுத்தியதும் அவர் இறங்கிவந்து, கீறல் ஏதும் விழுந்திருக்கிறதா என்று வண்டியைச் சுற்றிப் பார்ப்பார். நான் ஹெல்மெட்டைக் கழற்றாமல் அங்கேயே நிற்பேன். பார்த்து முடிக்கட்டும். நாளைக் காலை ஏழரைக்கு எனக்கு வண்டி வேண்டும்.