தாய்மாமன் கொண்டுவந்த பை

ஹவுஸ் சர்ஜன் என்றால் நாள் முழுக்க ஆபரேஷன் செய்கிறவள் என்று என் அத்தை இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார். நம்பட்டும். கள்ளக்குறிச்சியில் பயிற்சி டாக்டராக இருந்த வருஷம் நான் கத்தியைத் தொட்டதே அபூர்வம். ரத்தம் எடு, லேபுக்கு ஓடு, எக்ஸ்ரேயை வாங்கி வா. நடுவில் "சிஸ்டர், பெட்ஷீட்டு மாத்துங்க" என்று குரல் வேறு. கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் தொங்கினாலும் நான் சிஸ்டர்தான். என்னோடு வேலை பார்த்த பையன் வார்டை எட்டிப் பார்த்தாலே டாக்டர். எரிச்சல் பற்றிக்கொண்டு வரும்.

இருப்பதிலேயே பெரிய தலைவலி, ரத்தம் கொடுக்க ஆள் பிடிப்பது. வராந்தாவில் கால் வைக்க இடமில்லாமல் சொந்தபந்தம் உட்கார்ந்திருக்கும். "யாராவது ரத்தம் குடுங்க" என்று சொல்லிப் பாருங்கள். மொத்தக் கூட்டமும் டீ குடிக்கப் போய்விடும்.

ரிஷிவந்தியம் பக்கத்திலிருந்து வந்த அந்தச் சிறுமியின் குடும்பம் மட்டும் டீ குடிக்கப் போகவில்லை. புளியமரத்திலிருந்து விழுந்து அவளுக்குத் தொடை எலும்பு உடைந்திருந்தது. மதியம் ஆபரேஷன். உடம்பில் ரத்தம் ரொம்பக் கம்மி, ஒரு பை ஏற்றாமல் தியேட்டருக்குள் விடமாட்டேன் என்று மயக்க டாக்டர் சொல்லிவிட்டார். ரத்த வங்கியிலும் இருப்பு கம்மி. சொந்தக்காரர் ஒருவர் கொடுத்தால், ஏற்கெனவே சோதித்து வைத்திருக்கும் பை ஒன்றைத் தருவார்கள். இன்றைக்கு விட்டால் அடுத்த முறை எப்போது வருமோ, கால் கோணலாகச் சேர்ந்துவிடும் என்று எங்கள் பெரிய டாக்டர் என்னை முறைத்தார். மரத்தில் ஏறி விழுந்தது நான்தான் என்பது போல.

"நாங்க ரெடிங்க. தாய்மாமன் வரட்டும்" என்றார் சிறுமியின் சித்தப்பா.

"அவர் எதுக்கு?"

"இன்னாங்க இப்பிடி கேக்குறீங்க? அவர வுட்டுட்டு நாங்க மொதல்ல குடுத்தா நல்லா இருக்குமா?"

விசாரித்தால், காதுகுத்தன்று மாமன் வரத் தாமதமாகி, குழந்தையை வேறு யார் மடியிலோ வைத்துக் குத்திவிட்டார்கள். அன்றோடு அவர் தங்கை வீட்டு வாசலை மிதிப்பதில்லை. "இதுலயும் முந்திக்கினா அந்த மனுசன் ஜென்மத்துக்கும் வர மாட்டாருங்க" என்றார் சித்தப்பா.

"இது என்ன சீர்வரிசையா? ரத்தம்யா!" என்று கத்தினேன். யார் கொடுத்தாலும் அது வங்கிக்குப் போய்விடும், குழந்தைக்கு ஏறப்போவது முன்பின் தெரியாத யாரோ கொடுத்தது என்று தொண்டை வறள விளக்கினேன். எல்லோரும் பொறுமையாகக் கேட்டுத் தலையாட்டினார்கள்.

"சரிங்க. மாமன் மலையிலருந்து எறங்கிக்கினு இருக்காரு" என்றார் சித்தப்பா.

வந்தார். கரியாலூரில் மரவள்ளித் தோட்டத்தில் கூலி வேலை, ஒடிசலான உடம்பு. கையில் ஒரு கிழங்குப் பை. வார்டுக்குள் போகாமல் நேரே என்னிடம் வந்து, "எங்கங்க குடுக்கணும்?" என்றார். ரத்த வங்கியில் எடை பார்த்தார்கள். பத்தவில்லை.

"பஸ்ஸுல வந்த களைப்புங்க. இன்னொரு தபா ஏறுறேன்" என்றார். ஏறினார். இந்த முறை எடை தேவைக்கு மேலேயே காட்டியது! லேப் டெக்னீஷியன் மெஷினைத் தட்டிப் பார்த்தார். நான் சுற்றி வந்து பார்த்தேன். முதுகுக்குப் பின்னால் கிழங்குப் பை.

அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "எவ்ளோ வேணா எடுத்துக்குங்க, எனக்கு ஒண்ணும் ஆவாது. இதுவும் இல்லேன்னா எந்த மூஞ்ச வச்சிக்கினு தங்கச்சி முன்னாடி நிப்பேன்?" என்றார். கண் கலங்கியிருந்தது. என் கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

சித்தப்பாவோ ரத்த வங்கி வாசலைத் தாண்டவில்லை. மாமன் சொன்னால்தான் வருவாராம். நேரம் போய்க்கொண்டிருந்தது. மாமனிடம் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அண்ணே, ரத்தம் யார் வேணா குடுக்கலாம். பையைப் பத்திரமா வார்டுக்குக் கொண்டு வரணுமே, அதுக்குத்தான் தாய்மாமன் வேணும்."

அது தினமும் நான் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற வேலை. அவர் கிழங்குப் பையைச் சுவரோரமாக இறக்கி வைத்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, "போங்க மாப்ள, குடுங்க" என்றார்.

பை வந்தபோது அவர் குழாயடியில் கைகால் கழுவிவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். துண்டை உதறி இரண்டு கையிலும் விரித்து, "வைங்க" என்றார். வைத்தேன். அவர் முன்னே நடக்க, பின்னால் சித்தப்பா, அவருக்குப் பின்னால் மொத்தக் குடும்பமும். வராந்தாவில் இருந்தவர்கள் விசாரிக்காமலே ஒதுங்கி வழிவிட்டார்கள். மேளம் ஒன்றுதான் குறை.

கட்டிலருகே நின்ற தங்கை, "வாண்ணா" என்றாள். அவர் துண்டோடு பையை நீட்டினார்.

சிறுமி பையைப் பார்த்து மிரண்டாள். "யாரு ரத்தம் இது?"

விளக்கம் சொல்ல நான் வாயைத் திறந்தேன். முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்த சித்தப்பா முந்திக்கொண்டார்.

"ஒங்க மாமன் ரத்தம்டி. பயப்படாம ஏத்திக்க."

நான் வாயை மூடிக்கொண்டு பையை ஸ்டாண்டில் மாட்டினேன்.